கடற்பசுவுக்காகப் படகு மெதுவாகப் போகலாமா?

மாட்டுக்கு நெற்றிச் சுட்டியை வைத்தும் சூட்டுக்குறியை வைத்தும் அடையாளம் சொல்வார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மேனட்டி என்று ஒரு நீர்வாழ் விலங்கு இருக்கிறது. ஆய்வாளர்கள் அதற்கு அடையாளம் சொல்வது உடம்பில் இருக்கும் தழும்புகளை வைத்து. பெரும்பாலானவை படகின் புரொப்பெல்லர் கிழித்து ஆறிய தழும்புகள். ஒவ்வொன்றுக்கும் வெட்டு ஒவ்வொரு மாதிரி விழுந்திருப்பதால், புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டால் போதும். பல வருடம் கழித்துப் பார்த்தாலும் இது இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அங்கே இறந்து ஒதுங்கும் மேனட்டிகளின் உடல்களைப் பரிசோதிக்கும் வழக்கம் 1974 முதல் இருக்கிறது. அப்படிப் பத்து ஆண்டுகளில் பரிசோதித்த உடல்களின் தழும்புகளைக் கணக்கெடுத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ந்த மேனட்டிகளில் 96 சதவீதத்தின் மேல் படகு உண்டாக்கிய தழும்பு இருந்தது. நான்கில் ஒன்றின் மேல் பத்து அல்லது அதற்கும் அதிகமான மோதல்களின் அடையாளம் இருந்தது. ஒரு தடவை அடிபட்டுப் பிழைத்து, மறுபடி அடிபட்டு, மறுபடியும் பிழைத்து... பத்து முறை!

அப்படியானால் படகை மெதுவாக ஓட்டச் சொன்னால் முடிந்தது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காகப் புளோரிடாவில் முப்பது வருடங்களுக்கும் மேலாக வழக்கு, கருத்துக் கேட்புக் கூட்டம், மனு என்று சண்டை நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. யார் சொல்வது சரி?

முதலில் மேனட்டி என்றால் என்ன?

பாக் நீரிணைப் பகுதியில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு இருக்கிறதல்லவா, அதற்கு ஒன்றுவிட்ட உறவு இந்த மேனட்டி. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல நடுவில் பிளந்திருக்கும். மேனட்டியின் வால் துடுப்பு மாதிரி வட்டமாக இருக்கும். இரண்டும் நீருக்கடியில் புல் மேய்பவை, இரண்டும் யாரையும் ஒன்றும் செய்யாதவை. இந்த இனத்தில் இன்னொரு உறவும் இருந்தது. வட பசிபிக் கடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு. 1741-ல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. 1768-க்குள் கடைசி ஒன்றையும் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். கண்டுபிடித்ததற்கும் காணாமல் போனதற்கும் இடையில் 27 வருடம்தான்.

வளர்ந்த மேனட்டி சுமார் 3 மீட்டர் நீளமும் சுமார் 450 கிலோ எடையுமாக இருக்கும். பார்க்க ஆள் பெரிதுதான், ஆனால் குளிர் தாங்காது. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதனால் குளிர்காலத்தில் இயற்கையான வெந்நிலை ஊற்றுகளையும், மின் நிலையங்கள் வெளியேற்றும் சூடான நீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்துவிடும். மூச்சு விட மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வர வேண்டும். ஒரு பெண் மேனட்டி இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும், அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். வருடத்துக்கு நூறு முட்டை இடும் உயிரினத்தில் பத்து செத்தாலும் ஈடுகட்டிவிடும். ஐந்து வருடத்துக்கு ஒரு குட்டி போடும் இனத்தில் வளர்ந்த பெண் ஒன்று செத்தால், அதை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும்.

இனி படகுகளுக்கு வருவோம். புளோரிடாவில் பதிவாகியிருக்கும் படகுகள் சுமார் 10 லட்சம். 2021-22-ல் நடந்த கணக்கெடுப்பின்படி மேனட்டிகள் 8,350-லிருந்து 11,730-க்குள் இருக்கலாம். பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டால், ஒரு மேனட்டிக்கு நூறு படகு! மேனட்டி மேயும் புல் வளர்வது வெயில் எட்டும் ஆழமற்ற நீரில். படகுகள் விரும்பி ஓடுவதும் கரையை ஒட்டிய அதே அமைதியான நீரில்தான். எனவே மோதல் தற்செயல் அல்ல. இரண்டு பேருக்கும் ஒரே தெரு.

விதி வந்த கதை

புளோரிடாவில் மேனட்டியைக் கொல்லக் கூடாது என்ற சட்டம் 1893-லேயே வந்துவிட்டது. அது வேட்டைக்காரர்களை நினைத்துப் போட்டது. மோட்டார் படகு கோடீஸ்வரன் வீட்டிலிருந்து நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்த பிறகு பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. 1978-ல் மாநில அரசு மேனட்டி சரணாலயச் சட்டத்தைக் கொண்டுவந்து, படகின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. 1981-ல் ஆளுநர் பாப் கிரஹாமும் பாடகர் ஜிம்மி பஃபெட்டும் சேர்ந்து மேனட்டி பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1989-ல் 13 மாவட்டங்கள் முக்கியமானவை என்று குறிக்கப்பட்டு, அங்கெல்லாம் வேக மண்டலங்கள் வகுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்த வேக மண்டலம் சாலையில் இருக்கும் பலகை மாதிரி வெறும் எண் கிடையாது. 'மெதுவேகம்' என்றால் படகின் மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது. முழுப் படகும் தண்ணீரில் படிந்து, பின்னால் பெரிய அலை எழுப்பாமல் போக வேண்டும். 'குறைந்தபட்ச வேகம்' என்றால் படகு திரும்புவதற்குத் தேவையான அளவு மட்டும். சில வாய்க்கால்களில் மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ. வரை போகலாம். சில இடங்களில் குளிர்காலத்தில் படகே நுழையக் கூடாது. சில மண்டலங்கள் வருடம் முழுவதும் இருக்கும், சில பருவத்துக்கு மட்டும்.

2000-ஆம் ஆண்டு அந்தச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் மத்திய, மாநில அரசுகள் மீது வழக்குப் போட்டன. 2001-ல் சமரசம் ஏற்பட்டது. புதிய பாதுகாப்புப் பகுதிகள் அறிவிக்க வேண்டும் என்று முடிவானது. அதோடு, போதிய பாதுகாப்பு இல்லாத பகுதிகளில் புதிதாகப் படகுத்துறை கட்ட அனுமதி கிடைப்பதும் கடினமானது. அங்கேதான் தீப்பற்றியது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த படகுக்காரர்களும் மனை வியாபாரிகளும் சங்கம் வைத்துத் தெருவுக்கு வந்தார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது

படகுக்காரர்கள் என்றால் இரக்கமில்லாத பணக்காரர்கள் என்று ஒரு படம் வரைந்துவிடுவது சுலபம். அது நியாயம் இல்லை. வாடகைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவர், படகு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், ஓய்வூதியத்தில் சின்னப் படகு வாங்கிய முதியவர் எல்லோரும் அதில் அடக்கம். தவிர, மேனட்டி ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி படகுப் பதிவுக் கட்டணத்திலிருந்துதான் போகிறது. பணம் கொடுப்பவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

அவர்களுடைய கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: "மேனட்டிதான் பெருகிவிட்டதே, இன்னும் எதற்குக் கட்டுப்பாடு?" எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. குளிர்காலத்தில் விமானத்திலிருந்து எண்ணியபோது 1991-ல் கண்ணில் பட்டவை ஆயிரத்துச் சொச்சம். 2001-ல் 3,200-க்கு மேல். 2010-ல் ஐயாயிரத்தைத் தாண்டியது. 2017-ல் 6,620. எண்ணும் முறையும் பருவநிலையும் மாறுவதால் இந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இனம் வளர்ந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. 2017-ல் மத்திய அரசே 'அழியும் நிலை' என்ற பட்டியலிலிருந்து 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற பட்டியலுக்கு மேனட்டியை மாற்றியது.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடைக்குக் காவல்காரர் போட்ட பிறகு திருட்டு நின்றது. இரண்டு வருடம் கழித்து முதலாளி, "திருட்டுதான் இல்லையே, காவல்காரருக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்டால் என்ன சொல்வது? கட்டுப்பாட்டினால் வந்த பலனைக் காட்டியே கட்டுப்பாட்டை நீக்கச் சொல்வது அப்படித்தான் இருக்கிறது. எண்ணிக்கை உயர்ந்ததற்கு வேக மண்டலம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிரெவர்ட் மாவட்டத்தில் இரண்டு நீர்வழிகளில் விதியைத் திருத்தி எளிமையாக்கிய பிறகு படகு மோதிச் சாவது குறைந்தது என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொன்றும் உண்டு. கையிருப்பு வேறு, வரவு செலவு வேறு என்பது வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். குடோனில் பத்தாயிரம் மூட்டை இருக்கிறது என்பதால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. தினம் எத்தனை வருகிறது, எத்தனை போகிறது என்று பார்க்க வேண்டும். மேனட்டி இறப்பில் சாதாரணமாக ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை படகு மோதியதால் நடக்கிறது. 2019-ல் மட்டும் படகு மோதி இறந்தவை 130-க்கும் மேல். வரவு மெதுவாக வரும் கடையில் இந்தச் செலவு சின்னதல்ல.

இரண்டாவது கேள்வி அறிவியல் பூர்வமானது: "மெதுவாகப் போகும் படகின் சத்தம் மேனட்டிக்குக் கேட்காதே?" புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் கெர்ஸ்டீன் 1999-ல் இதை விரிவாக எழுதினார். மேனட்டிக்கு உயர்ந்த அலைவரிசை ஒலிகள் நன்றாகக் கேட்கும், தாழ்ந்தவை சரியாகக் கேட்காது. மெதுவாகப் போகும் படகு எழுப்புவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. ஆகவே மெதுவேக விதியே சில இடங்களில் ஆபத்தைக் கூட்டலாம், படகில் எச்சரிக்கை ஒலிக்கருவி வைக்கலாம் என்றார். ஒதுக்கித் தள்ளக் கூடிய வாதம் அல்ல இது.

ஆனால் காது மட்டும்தான் கணக்கா? ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் தூரத்தில் படகு வருவதை மேனட்டி உணர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் படகு மூன்று வினாடிக்குள் தலைக்கு மேலே வந்துவிடும். 10 கி.மீ. வேகம் என்றால் கிட்டத்தட்ட 11 வினாடி கிடைக்கும். படகு நெருங்கும்போது மேனட்டிகள் ஆழமான பக்கம் நோக்கி நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள். நகர நேரம் வேண்டுமே. அது மட்டுமல்ல, படகோட்டிக்கும் அதே 11 வினாடி கிடைக்கிறது. மேனட்டி நீருக்கடியில் வாலை அடித்தால் மேலே வட்ட வட்டமாகத் தண்ணீர் வழவழப்பாகத் தெரியும். மெதுவாகப் போகிறவன் கண்ணுக்குத்தான் அது படும்.

அப்படியும் மோதிவிட்டது என்றால்? மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் நான்கு மடங்கானால் அடி பதினாறு மடங்கு. 10 கி.மீ. வேகத்தில் பட்ட அடியிலிருந்து தப்பிக்க வாய்ப்பு உண்டு. 40 கி.மீ. வேகத்தில் விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தும்.

இதிலேயே மூன்றாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. "புரொப்பெல்லருக்குக் கூண்டு மாட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. புரொப்பெல்லர் வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுவே எதிரி என்று நினைக்கிறோம். ஆனால் படகின் அடிப்பாகம் மோதி, வெளியே கீறல்கூட அதிகம் இல்லாமல் உள்ளே நொறுங்கிச் சாவதும் ஏராளம். கூண்டு வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது.

நான்காவது கேள்விதான் உண்மையில் கனமானது: "எங்கள் பிழைப்பு?"

பிழைப்பும் நிமிடமும்

விடுமுறைக்குப் படகு ஓட்டுகிறவருக்கு ஒரு 2 கி.மீ. மண்டலத்தில் எவ்வளவு நஷ்டம்? 40 கி.மீ. வேகத்தில் 3 நிமிடம். 10 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம். கூடுதலாக 9 நிமிடம். இதைச் சுதந்திரப் பறிப்பு என்று பேசுவது கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னால் யாரும் அரசியல் சாசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

ஆனால் தினமும் தொழிலுக்குப் போகிறவர் 10 கி.மீ. மண்டலத்தைக் கடக்க வேண்டியிருந்தால் போக 45 நிமிடம் கூடுதல், வர 45 நிமிடம் கூடுதல். அவருக்கு ஒன்றரை மணி நேரம் என்பது ஒரு வாடிக்கையாளர். இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எங்கே மேனட்டி மேய்கிறது, எந்த மாதத்தில் வருகிறது, எந்த வாய்க்காலில் ஆழம் போதுமானது என்று பார்த்து மண்டலத்தை வகுத்தால் தொழில்காரருக்கு வேகமாகப் போக ஒரு வழி விட முடியும். 2002-க்குப் பிறகு மாநிலச் சட்டமே இதற்கு ஒரு வழி வைத்தது. புதிய வேக விதி வரும்போது மாவட்ட அளவில் ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் பாதிப் பேர் நீர்வழியைப் பயன்படுத்துவோர், பாதிப் பேர் மேனட்டிக்காகப் பேசுவோர். சண்டையை நீதிமன்றத்திலிருந்து மேஜைக்குக் கொண்டுவந்தது நல்ல ஏற்பாடு.

பிழைப்பு என்று பேசும்போது இன்னொரு பிழைப்பையும் எண்ண வேண்டும். புளோரிடாவின் மேற்குக் கரையில் கிறிஸ்டல் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கிங்ஸ் பே என்ற விரிகுடாவில் ஊற்றுகள் பல உண்டு. குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் மேனட்டிகள் வந்து சேரும். அவற்றைப் பார்க்க, கூடவே நீந்த, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊரின் குளிர்கால வருமானமே மேனட்டிதான். அதே ஊரில் கோடையில் வேகப்படகும் நீர்ச்சறுக்கும் விளையாட்டு. 2012-ல் மத்திய வனவிலங்குத் துறை விரிகுடா முழுவதையும் மேனட்டிப் புகலிடமாக அறிவித்து வேகத்தைக் கட்டுப்படுத்தியபோது உள்ளூரில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 'சேவ் கிறிஸ்டல் ரிவர்' என்ற உள்ளூர் அமைப்புதான் மேனட்டியை அழியும் பட்டியலிலிருந்து இறக்கச் சொல்லி மனுப் போட்டது. 2017-ல் நடந்த மாற்றத்துக்கு அந்த மனுவும் ஒரு காரணம்.

கதை அதோடு முடிந்திருந்தால் வில்லன் யார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. அதே அமைப்பு அரசுப் பணத்தோடு கிங்ஸ் பேயின் அடியில் படர்ந்திருந்த பாசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேனட்டி தின்னும் நீர்ப்புல்லை நட்டது. விரிகுடா மறுபடி தெளிந்தது, புல் வளர்ந்தது. வேக விதியை எதிர்த்தவர்கள்தான் மேனட்டிக்குச் சோறு போட்டார்கள்! மனிதர்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கோடு போட்டுப் பிரிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

2021 சொன்ன பாடம்

அந்தப் புல்லின் அருமை தெரிந்தது 2021-ல். அந்த ஒரே வருடத்தில் புளோரிடாவில் இறந்த மேனட்டிகள் சுமார் 1,100. பெரும்பாலானவை படகு மோதிச் சாகவில்லை, பட்டினியால் செத்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன் என்ற நீண்ட உப்பங்கழி இருக்கிறது. வயல், புல்தரைகளின் உரமும் வீட்டுக் கழிவுநீரும் அதில் கலந்து கலந்து பாசி பெருகியது. பாசி வெயிலை மறைத்தது. 2011-க்குப் பிறகு பத்தே வருடத்தில் அங்கிருந்த கடற்புல்லில் பாதிக்கு மேல் போய்விட்டது. குளிருக்காக வந்து சேர்ந்த மேனட்டிகளுக்கு மேய ஒன்றும் இல்லை. 2021-22 குளிர்காலத்தில் மின் நிலையம் ஒன்றின் அருகே அரசே ஏறத்தாழ 90 டன் லெட்யூஸ் கீரையைத் தண்ணீரில் கொட்ட வேண்டியதாயிற்று. 2022-லும் 800 இறந்தன.

படகுக்காரர்களுக்கு இது ஐந்தாவது வாதத்தைக் கொடுத்தது. "பார்த்தீர்களா, கொல்வது நாங்கள் அல்ல, சாக்கடை. எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?"

பாதி உண்மை. வேக விதி கண்ணுக்குத் தெரியும், பலகை நட்டால் போதும், ஆளும் தரப்புக்கு வேலை செய்ததாகக் கணக்குக் காட்டலாம். கழிவுநீர்த் தொட்டிகளை மாற்றுவதும் உரத்தைக் குறைப்பதும் செலவு பிடிக்கும், ஓட்டும் போகும். படகுக்காரரைத் திட்டிக்கொண்டு சாக்கடையை மறந்த தவறு அரசுக்கு உண்டு, விலங்கு நேசர்கள் சிலருக்கும் உண்டு.

ஆனால் இதிலிருந்து வேக விதி வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படி வருவது? ஒரு வீட்டில் கூரையும் ஒழுகுகிறது, கதவும் உடைந்திருக்கிறது. கூரை ஒழுகுவதுதான் பெரிய பிரச்சினை என்பதற்காகக் கதவைத் திறந்து போடுவார்களா? பட்டினியில் ஆயிரம் போன பிறகு மிச்சம் இருக்கும் ஒவ்வொன்றும் முன்னைவிட விலை உயர்ந்தது. ஓர் உப்பங்கழியில் புல்லைத் திரும்ப வளர்க்கப் பல வருடம் ஆகும், கோடிக்கணக்கில் செலவாகும். மேலும் கீழும் போகும் படகின் வேகத்தைக் குறைக்க ஒரு கை அசைவு போதும், இன்றைக்கே முடியும்.

யார் கணக்கில் எழுதுவது?

இந்தச் சண்டையின் அடியில் ஒரு கணக்குப் பிரச்சினை இருக்கிறது. வேகமாகப் போகிறவருக்குக் கிடைக்கும் லாபம், அந்த 9 நிமிடம், அவருடைய சொந்தக் கணக்கில் ஏறுகிறது. அதனால் வரும் நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. மேனட்டிக்குச் சொந்தக்காரர் இல்லை, அது ரசீது எழுதாது, வழக்குப் போடாது. அடித்த படகோட்டிக்கே பல சமயம் அடித்தது தெரியாது. ஏதோ கட்டையில் இடித்தது என்று நினைத்துப் போய்க்கொண்டிருப்பார். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் யாருக்கும் இல்லாதவருக்கு என்று இருக்கும் இடத்தில் நல்லவர்கள்கூட வேகமாகத்தான் போவார்கள். அதற்குத்தான் விதி. மனிதர் கெட்டவர் என்பதற்காகப் போடுவது அல்ல அது; கணக்கில் எழுதாமல் விட்ட செலவை எழுதிக் காட்டுவதற்காகப் போடுவது.

அந்தச் செலவு திருப்பிப் பெற முடியாத செலவு என்பதுதான் கடைசி விஷயம். விதி தவறு என்று பிறகு தெரிந்தால் பலகையைப் பிடுங்கிவிடலாம், இழந்தது சில நிமிடங்கள். விதி இல்லாதது தவறு என்று பிறகு தெரிந்தால் திருத்த வழியில்லை. ஸ்டெல்லர் கடற்பசுவைத் திரும்பக் கொண்டுவர இன்றைக்கு யாராலும் முடியாது. இரண்டு தவறுக்கும் விலை சமமாக இல்லாதபோது, மலிவான தவறின் பக்கம் சாய்வதுதான் புத்திசாலித்தனம்.

எனவே படகு மெதுவாகத்தான் போக வேண்டும். எல்லா இடத்திலும் அல்ல. மேனட்டி இருக்கும் இடத்தில், இருக்கும் மாதத்தில். எங்கே என்பதைப் படகுக்காரரையும் உட்கார வைத்து முடிவு செய்ய வேண்டும். தொழில்காரருக்கு வேகமாகப் போக வழி விட வேண்டும். விதியைப் போட்டுவிட்டுக் காவலுக்கு ஆள் வைக்காமல் இருந்தால், அது ஒழுங்காகப் போகிறவருக்கு மட்டும் தண்டனை. 'மெதுவாக' என்று படகுக்காரரிடம் சொல்லும் அரசு, சாக்கடையைச் சுத்தம் செய்வதிலும் அதே கண்டிப்பைத் தன்னிடம் காட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பை ஆவுளியாவின் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே பிரச்சினை வேகப்படகைவிட வலையும் இழுவைப் படகும் கடற்புல்லின் அழிவும்தான். ஆனால் கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். எண்ணிக்கை கூடினால் போதுமா, பிழைப்பு யாருடையது, செலவை யார் கணக்கில் எழுதுவது? புளோரிடாக்காரர்கள் முப்பது வருடம் சண்டை போட்டுப் படித்த பாடத்தை, பாக் நீரிணையில் மீனவரை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று வருடத்தில் படித்துவிட முடியும். முடியுமா என்பதை ஆவுளியாவின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அந்தக் கூட்டத்தில் மீனவருக்கு நாற்காலி போட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.